‘டைடு ஓவர்’: கப்பலுக்கு ஒரு பொருள், கைச்செலவுக்கு இன்னொரு பொருளா?

தாழம்பூ:

எல்லோருக்கும் வணக்கம். பழைய கப்பல் பயணக் குறிப்பு ஒன்றைத் தமிழுக்குக் கொண்டுவந்துகொண்டிருக்கிறேன். எதிர்க்காற்று அடிக்கிற ஓர் இடத்தில், அடுத்த முனை வரைக்கும் ‘டைடு ஓவர்’ செய்து போய்ச் சேர்ந்தோம் என்று மாலுமி எழுதியிருக்கிறார். அகராதியில் ‘சமாளி’, ‘இக்கட்டைத் தாண்டு’ என்றுதான் இருக்கிறது. அதைப் போட்டாலும் வாக்கியம் ஓடிவிடும், ஆனால் கப்பல் அங்கே என்னதான் செய்தது என்பது வாசகருக்குத் தெரியாமலே போய்விடும், எனக்கு வேண்டியது அதுதான். ஓதம் (கடல்நீர் ஏறி வற்றுவது, ஆங்கிலத்தில் டைடு) ஏறி, தண்ணீர் மட்டம் உயர்ந்து, கப்பல் மணல்திட்டுக்கு மேலே மிதந்து போவதைச் சொல்கிறார்களா? அப்படியென்றால் சம்பளம் வரும்வரை கைச்செலவைத் தள்ள உதவுகிற பணத்துக்கும் இதே சொல் எப்படி வந்தது?

அப்புறம் இன்னொன்று. நம் செய்தித்தாள்களில் ‘டைடு ஓவர் த க்ரைசிஸ்’ என்று அடிக்கடி வருகிறது. பிரிட்டிஷ், அமெரிக்க எழுத்தில் ‘டைடு மீ ஓவர்’ என்று ஆளை நடுவில் போடுகிறார்கள். எது சரி?

நங்கூரம்:

மட்டம் உயர்வது இல்லைங்க, நீரோட்டம். ஓதம் ஏறும்போது தண்ணீர் ஒரு பக்கமாக ஓடும், வற்றும்போது எதிர்ப்பக்கமாக ஓடும். பெரும்பாலான கடற்கரைகளில் ஏறக்குறைய 6 மணி நேரத்துக்கு ஒருமுறை இது திசை மாறும். ஆங்கிலத்தில் மட்டத்துக்கும் ஓட்டத்துக்கும் டைடு என்ற ஒரே சொல்லைப் புழங்குவதால்தான் இந்தக் குழப்பம். கேப்டன் ஜான் ஸ்மித் (வர்ஜீனியா குடியேற்றத்தில் இருந்தவரேதான்) 1627-இல் வெளியிட்ட ‘எ சீ கிராமர்’ நூலிலேயே இந்தச் சொல்லுக்கு விளக்கம் இருக்கிறது: ஏற்றமோ வற்றமோ, சாதகமான ஓட்டத்தோடு போவது, எதிர் ஓட்டம் வந்தால் நங்கூரம் போட்டு நின்று அடுத்த ஓட்டத்துக்குக் காத்திருப்பது. வற்றத்தையும் சேர்த்துச் சொல்கிறார் பாருங்கள், அதனால் கப்பலைத் தூக்கிவிடுவது என்ற பேச்சுக்கே இடமில்லை.

கணக்கைப் பார்த்தால் இன்னும் நன்றாகப் புரியும். காற்று மெலிந்துபோய் கப்பல் மணிக்கு 2 கடல் மைல்தான் நகர்கிறது, நீரோட்டமோ 3 கடல் மைல் என்று வைத்துக்கொள்ளுங்கள். கூடவே ஓடினால் கரையைப் பொறுத்து 5, எதிரே ஓடினால் 1 மைல் பின்னோக்கி. முகப்பில் நுரை தள்ளிக்கொண்டிருக்கும், முன்னால் போகிற மாதிரியே இருக்கும், ஆனால் கரையில் ஒரு மரத்தைக் குறிவைத்துப் பார்த்தால் அது மெதுவாக முன்னால் நகர்ந்துகொண்டிருக்கும். அந்த நேரத்தில் பாயை இறக்கிவிட்டு நங்கூரத்தைப் போடுவதைத் தவிர வேறு வழி கிடையாது. நங்கூரத்தில் நிற்கிற கப்பல், காற்று பலமாக இல்லாவிட்டால், முகத்தை ஓட்டத்துக்கு நேராகவே வைத்திருக்கும். ஓட்டம் ஓய்ந்ததும் சங்கிலி தளர்ந்து தொங்கும், கப்பல் எங்கே திரும்புவது என்று தெரியாததுபோல் கொஞ்ச நேரம் குறுக்காகக் கிடக்கும், பிறகு மெல்லச் சுழன்று எதிர்ப்பக்கம் பார்க்கும். உடனே நங்கூரத்தைத் தூக்கிவிட வேண்டும், அடுத்த 6 மணி நேரம் நமக்குச் சாதகம். கரையில் தண்ணீர் ஏறுகிறதா வற்றுகிறதா என்று பார்த்து இதை முடிவு செய்ய முடியாது, ஏனென்றால் பல இடங்களில் ஓட்டம் திரும்பும் நேரமும் மட்டம் உச்சத்தைத் தொடும் நேரமும் ஒன்றாக இருப்பதில்லை.

இன்றைக்கும் இந்த வேலை நடக்கிறது. பாய்ப்படகுப் பந்தயத்தில் காற்று செத்துப்போனால், பின்னால் அடித்துக்கொண்டு போகாமலிருக்கச் சின்ன நங்கூரத்தைப் போட்டு நிற்பார்கள். ஸ்காட்லாந்துக்கும் ஆர்க்னி தீவுகளுக்கும் நடுவே இருக்கிற பென்ட்லண்ட் ஜலசந்தியில் ஓட்டம் மணிக்கு 10 கடல் மைலைத் தாண்டும், அங்கே என்ஜின் உள்ள படகே நேரம் பார்த்துத்தான் இறங்கும்.

ஒற்றைப்பனை:

நங்கூரம் சொன்னதை வைத்துப் பார்த்தால் பண விஷயம் தானாகவே பிடிபடும். ‘திஸ் லோன் வில் டைடு மீ ஓவர் டில் பேடே’ என்ற வாக்கியத்தில் கடன் என்ன செய்கிறது? கஷ்டத்தைத் தீர்க்கவில்லை. சம்பளம் வரும்வரை இருக்கிற இடத்திலிருந்து பின்னால் போகாமல் பிடித்து நிறுத்துகிறது, அவ்வளவுதான். இந்தச் சொல்லோடு எப்போதும் மூன்று விஷயம் ஒட்டிக்கொண்டே வரும்: உதவி சின்னது, காலம் குறுகியது, நிலைமை மாறப்போகிறது என்பது தெரியும். அதனால்தான் பெரும்பாலும் கூடவே ‘அன்டில்’ வரும். பரம்பரைச் சொத்து கைக்கு வந்து ஒருவர் வாழ்நாள் முழுக்க வசதியாகிவிட்டால் அதற்கு ‘டைடு ஓவர்’ பொருந்தாது. சாப்பாட்டுக்கு நேரமாகும் என்று இரண்டு பிஸ்கட் தின்றால் அதற்குப் பொருந்தும். ஓவர் என்பதைத் ‘தாண்டி’ என்று மட்டும் எடுத்துக்கொண்டு ‘கெட் ஓவர்’, ‘ஓவர்கம்’ பக்கத்தில் கொண்டுபோய் வைப்பதில் எனக்கு உடன்பாடில்லை. அந்த இரண்டிலும் இடைஞ்சல் முடிந்துவிடுகிறது, இதில் முடிவதில்லை.

தமிழில் ‘சமாளி’யைவிட ‘ஒப்பேற்று’ நெருக்கமாக வரும் என்பது என் எண்ணம். மாசக் கடைசியை ஒப்பேற்றுவது என்கிறோமே, அதில் தற்காலிகம் என்ற வாசனை உள்ளேயே இருக்கிறது.

தாழம்பூ:

ரொம்ப நன்றி இரண்டு பேருக்கும். படகு குறுக்கே கிடந்து திரும்புகிற இடத்தை அந்த மாலுமியும் இரண்டு வரி எழுதியிருக்கிறார், எதற்கு எழுதினார் என்பது இப்போதுதான் விளங்குகிறது. செய்தித்தாள் விஷயத்தை யாராவது சொல்லுங்களேன்.

சொல்வேட்டை:

தாழம்பூ, இரண்டும் சரிதான், ஆனால் ஊருக்கு ஊர் வழக்கு வேறு. இன்றைய பிரிட்டிஷ், அமெரிக்க ஆங்கிலத்தில் எழுவாய் பெரும்பாலும் பணம், சாப்பாடு மாதிரி ஒரு பொருளாக இருக்கும், அது ஓர் ஆளைத் தாங்கும்: ‘இட் டைடட் அஸ் ஓவர்’. இந்திய ஆங்கிலத்தில் எழுவாய் அரசோ நிறுவனமோ, அது நெருக்கடியைத் தாண்டும்: ‘டைடு ஓவர் த க்ரைசிஸ்’. இதை நாம் கண்டுபிடித்ததாகச் சிலர் கேலி செய்வார்கள், அது நியாயமில்லை. 19-ஆம் நூற்றாண்டு பிரிட்டிஷ் எழுத்திலேயே ‘டைடு ஓவர் எ டிஃபிகல்டி’ என்ற வழக்கு உண்டு. அங்கே தேய்ந்துபோனது, இங்கே தங்கிவிட்டது. ஆனால் ஒற்றைப்பனை சொன்ன தற்காலிகம் என்ற பொருள் இதில் தொலைந்துபோகத்தான் செய்கிறது: நிரந்தரமாகத் தீர்த்துவிட்டதற்கும் இதையே எழுதுகிறார்கள், ‘அன்டில்’ காணாமல் போய்விடுகிறது. வெளிநாட்டு வாசகருக்கு எழுதும்போது ‘ஓவர்கம்’ என்று போட்டுவிடுவது நல்லது.

பேச்சில் கேட்டு எழுதுகிறவர்கள் ‘டை மீ ஓவர்’ என்று, கயிற்றால் கட்டுகிற டை என்று நினைத்து எழுதுவதும் நிறையவே இருக்கிறது. பொருள் ஏறக்குறைய ஒத்துப்போவதால் யாருக்கும் சந்தேகமே வருவதில்லை. இறந்தகாலம் ‘டைடட்’ (tided), கட்டுவதன் இறந்தகாலமான ‘டைடு’ (tied) இல்லை, மொழிபெயர்ப்பில் மூலத்தைத் தேடும்போது இது உதவும்.

நங்கூரம்:

கூடுதலாக ஒன்று. டைடு என்ற சொல்லுக்குப் பழைய ஆங்கிலத்தில் ‘காலம்’, ‘வேளை’ என்றே பொருள், ஜெர்மன் மொழியின் ‘சைட்’ இதன் உறவு. ‘டைம் அண்ட் டைடு வெயிட் ஃபார் நோ மேன்’ என்ற பழமொழியில் இருப்பதும் அந்தப் பொருள்தான், கடல் அப்புறம்தான் வந்து ஒட்டிக்கொண்டது. கடல்நீர் வேளை தவறாமல் வந்து போவதால் அதற்கும் அந்தப் பெயர் வந்தது.

தாழம்பூ, உங்கள் வாக்கியத்துக்கு நானாக இருந்தால் வினையை ஒரே சொல்லில் அடக்க மாட்டேன். ‘சாதகமான நீரோட்டத்தில் பாய் விரித்தும், எதிரோட்டத்தில் நங்கூரமிட்டும், படிப்படியாக அடுத்த முனையை அடைந்தோம்’ என்று விரித்தே எழுதுவேன். அவர் அங்கே எத்தனை முறை நங்கூரம் போட்டார் என்று குறிப்பில் இருந்தால் அதையும் விடாமல் சேருங்கள்.

தாழம்பூ:

மூன்று முறை என்று இருக்கிறது. சேர்த்துவிடுகிறேன்.