ஆர்.ஓ. தண்ணீர் ஊற்றும் தக்காளிக்கு உரம் எப்படி, எவ்வளவு?

மேடவாக்கம் மாடி:

எல்லோருக்கும் வணக்கம். மொட்டை மாடியில் தக்காளி, கத்தரி, மிளகாய் பைகளில் வைத்திருக்கிறேன். பாதி கோகோபீட் (தேங்காய் நார்த் தூள்), மீதி மண்புழு உரமும் செம்மண்ணும். எங்கள் போர் தண்ணீர் டி.டி.எஸ். (கரைந்திருக்கும் மொத்த உப்பின் அளவு) 1,400. பை விளிம்பெல்லாம் வெள்ளை பூத்து, இலை ஓரம் கருகியதால் பொங்கலுக்குப் பிறகு ஆர்.ஓ. தண்ணீருக்கு மாறினேன். அதில் மீட்டர் 40 காட்டுகிறது. கருகல் நின்றுவிட்டது. ஆனால் இப்போது தக்காளியின் கீழ் இலைகள் நரம்பு மட்டும் பச்சையாக இருக்க, நடுவில் மஞ்சளாகின்றன. காயின் அடிப்பக்கம் கறுத்து, தோல் போல அழுந்திவிடுகிறது. வாரம் ஒருமுறை 19:19:19 உரம் லிட்டருக்கு 2 கிராம் கொடுக்கிறேன். அளவைக் கூட்டணுமா? இல்லை ஆர்.ஓ.வையே விட்டுடணுமா?

தாம்பரம் அக்கா:

ரெண்டும் வேண்டாம் தம்பி. நானும் ஆர்.ஓ. தண்ணீரில்தான் தக்காளி வளர்க்கிறேன், நன்றாகவே காய்க்கிறது.

போர் தண்ணீரில் கெடுதலான உப்போடு சுண்ணாம்புச் சத்தும் மெக்னீசியமும் சும்மாவே வந்துகொண்டிருந்தன. ஆர்.ஓ. எல்லாவற்றையும் வடிகட்டிவிட்டது. 19:19:19 மூட்டையில் என்ன இருக்கிறது என்று பாருங்கள்: தழை (நைட்ரஜன்), மணி (பாஸ்பரஸ்), சாம்பல் (பொட்டாசியம்) மூன்றும்தான். கால்சியம், மெக்னீசியம் கிடையாது. போதாததற்கு உங்கள் கலவையில் பாதி கோகோபீட். அது கால்சியத்தையும் மெக்னீசியத்தையும் தன்னிடம் பிடித்து வைத்துக்கொண்டு, பதிலுக்குப் பொட்டாசியத்தையும் சோடியத்தையும் வெளியே விடும். செடிக்கு வருகிற கொஞ்சநஞ்சமும் வழியிலேயே போய்விடுகிறது.

கீழ் இலையில் தொடங்கும் மஞ்சள் மெக்னீசியக் குறை. செடி பழைய இலையிலிருந்து எடுத்துப் புது இலைக்குக் கொடுத்துவிடும், அதனால்தான் கீழே முதலில் தெரிகிறது. இதே மஞ்சள் கொழுந்தில் வந்திருந்தால் இரும்புச் சத்தைப் பார்க்கச் சொல்லியிருப்பேன். காய் அடி கறுப்பது கால்சியம் காய்க்குப் போய்ச் சேராததால்.

நான் செய்வது இது. வாரத்தில் ஒரு நாள் கால்சியம் நைட்ரேட், லிட்டருக்கு 1 கிராம். இதில் தழைச்சத்தும் 15.5 சதவீதம் இருப்பதால் 19:19:19-ஐ 1 கிராமாகக் குறைத்துவிடுங்கள். மூன்று நாலு நாள் கழித்து அந்த 19:19:19-உடன் எப்சம் உப்பு (மெக்னீசியம் சல்பேட்) லிட்டருக்கு அரை கிராம் சேர்த்து ஊற்றுங்கள். மற்ற நாட்களில் வெறும் ஆர்.ஓ. தண்ணீர். கால்சியம் நைட்ரேட்டையும் எப்சத்தையும் ஒரே வாளியில் கெட்டியாகக் கரைக்கவே கூடாது. ஜிப்சமாகி, வெள்ளை மாவாக அடியில் தங்கிவிடும். 19:19:19-ல் உள்ள மணிச்சத்தோடும் அப்படித்தான் கெட்டிப்படும்.

இன்னொன்று, கால்சியம் தண்ணீரோடு மட்டும்தான் மேலே ஏறும். ஒரு நாள் பை காய்ந்து, மறுநாள் குளமாக நின்றால், எவ்வளவு கால்சியம் போட்டாலும் காய் அடி கறுக்கும். இந்த வெயிலுக்குக் காலையும் மாலையும் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றுங்கள். காய்ந்த இலையால் மூடாக்கு அவசியம் போடுங்கள். கறுத்த காய் இனித் தேறாது, பறித்துவிடுங்கள். அடுத்த கொத்தைப் பார்த்துத்தான் முடிவு தெரியும்.

போரூர் பசுமை:

அக்கா சொன்னது சரி. ஆனால் செலவில்லாத வழி ஒன்று உண்டு. ஒரு பங்கு போர் தண்ணீரோடு நாலு பங்கு ஆர்.ஓ. கலந்தால் 1,400-ம் 40-ம் சேர்ந்து ஏறத்தாழ 310 வரும். கால்சியம் தானாகக் கிடைக்கும். நான் ஏ.சி. தண்ணீரோடு இப்படித்தான் கலக்கிறேன். அதுவும் ஆர்.ஓ. மாதிரி உப்பே இல்லாத தண்ணீர்தான்.

தாம்பரம் அக்கா:

கலக்கலாம். ஆனால் அந்த 1,400 என்ன உப்பு என்று தெரியணும். தண்ணீர் கொதிக்கவைக்கும் பாத்திரத்தில் வெள்ளைப் படிவு பிடித்து, சோப்பு நுரைக்கவில்லை என்றால் கால்சியம், மெக்னீசியம் அதிகம். தாராளமாகக் கலக்கலாம். வாயில் வைத்தால் உப்புக் கரிக்கிறது, படிவு பெரிதாக இல்லை என்றால் சோடியம். அதைக் கலந்தால் இத்தனை நாள் தப்பித்த கருகல் திரும்ப வரும். மீட்டர் மொத்த உப்பைச் சொல்லுமே தவிர எந்த உப்பு என்று சொல்லாது. யூரியாவை அது காட்டவே காட்டாது; 19:19:19-ல் தழைச்சத்தின் ஒரு பங்கு யூரியாவாக இருக்கும் என்பதால், மீட்டரை நம்பி உரத்தை ஏற்றிக்கொண்டே போகாதீர்கள். சந்தேகம் இருந்தால் வேளாண் துறையின் மண் பரிசோதனை நிலையத்தில் ஒரு பாட்டில் தண்ணீர் கொடுத்துப் பார்த்துவிடுங்கள்.

மேடவாக்கம் மாடி:

ரொம்ப நன்றி அக்கா. எங்கள் வீட்டில் படிவும் உண்டு, கரிப்பும் உண்டு. அதனால் கலக்காமல் உங்கள் வழியிலேயே போகிறேன். முட்டை ஓட்டுத் தூள் நிறைய வைத்திருக்கிறேன், கால்சியம் நைட்ரேட்டுக்குப் பதில் அதைப் போடலாமா? ஆர்.ஓ. மெஷின் வெளியே தள்ளும் தண்ணீரை என்ன செய்வது?

தாம்பரம் அக்கா:

முட்டை ஓடு கரைந்து வர மாதக்கணக்காகும். அடுத்த முறை கலவை தயாரிக்கும்போது சேருங்கள், இப்போதைய காய்க்கு உதவாது. கழிவுத் தண்ணீரில் போர் தண்ணீரைவிட உப்பு கூடுதல். பைகளுக்கு வேண்டாம், வீடு துடைக்க வைத்துக்கொள்ளுங்கள். கீழே தென்னை இருந்தால் அதற்கு விடலாம், உப்பை ஓரளவு தாங்கும்.

மாதம் ஒருமுறை பையின் அடியில் வடிகிற தண்ணீரைப் பிடித்து அளந்து பாருங்கள். ஊற்றியதைவிட ரொம்ப அதிகமாகக் காட்டினால் அந்த வாரம் உரத்தை நிறுத்தி, வெறும் ஆர்.ஓ. தண்ணீரை நன்றாக வடியும்வரை ஊற்றிவிட்டு, அடுத்த வாரம் கால்சியத்திலிருந்து மறுபடி ஆரம்பியுங்கள்.