கண்ணாடியோடு ஒட்டிப்போன பழைய படத்தைப் பிரிக்காமல் எப்படிப் படம் பிடிப்பது?

காரைக்குடிப் பக்கம் உள்ள எங்கள் பூர்வீக வீட்டைப் பங்காளிகள் சேர்ந்து விற்கப் போகிறோம். அதற்குள் அப்பத்தாவும் நானுமாக வீட்டைப் படம் எடுத்துவருகிறோம். சில நேரம் செல்போனை வாங்கி அவரே எடுப்பார். நான் ஆத்தங்குடிக் கல்லையும் தேக்குத் தூணையும் எடுக்க, அவர் எடுத்தது உரல் கிடந்து தேய்ந்த ஒரு மூலையை. (அதுதான் நல்ல படம்.)

சிக்கல் இதுதான். முகப்பில் மாட்டியிருக்கும் தாத்தாவின் கறுப்பு வெள்ளைப் படம் ஈரம் பட்டுக் கண்ணாடியோடு ஒட்டிவிட்டது. பிரித்தால் முகம் உரிந்துவிடுமோ என்று தொடவில்லை. அப்படியே செல்போனில் படம் பிடித்தால் தாத்தா முகத்தின் மேல் என் முகம் தெரிகிறது! போலரைசர் ஃபில்டர் (கண்ணாடியில் தெரியும் பிரதிபலிப்பைக் குறைக்க லென்ஸ் முன் வைப்பது) போதுமா, இல்லை இரண்டு பக்கமும் 45 டிகிரியில் விளக்கு வைக்க வேண்டுமா? செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள். தை பிறந்ததும் சாவி கைமாறிவிடும்.