புல்வெளி வீட்டு ஜெர்மன் பெண்கள்: பார்த்ததும் கேட்டதும்

பிஸ்மார்க், வட டக்கோட்டா

இங்கிருந்து தெற்கே ஒரு மணி நேரத்துக்கு மேல் கார் ஓட்டினால் ஸ்ட்ராஸ்பர்க் வரும். வழி நெடுக கோதுமை, புல், மறுபடி கோதுமை. அங்கே லுட்விக், கிறிஸ்டினா வெல்க் தம்பதி குடியிருந்த ஹோம்ஸ்டெட்டை, அதாவது அரசு நிலத்தில் குடியேறி உருவாக்கிய பண்ணை வீட்டை, மாநில வரலாற்றுச் சங்கம் பராமரிக்கிறது. வருகிறவர்கள் பெரும்பாலும் மகனுக்காக வருகிறார்கள். மகன் லாரன்ஸ் வெல்க் அக்கார்டியன் வாசித்து, தொலைக்காட்சியில் பல்லாண்டு இசை நிகழ்ச்சி நடத்திப் பேர் வாங்கியவர். அப்பா 400 டாலருக்கு அக்கார்டியன் வாங்கித் தந்தார், பதிலுக்கு 21 வயது வரை பண்ணையில் உழைக்க வேண்டும் என்று பேச்சு. வழிகாட்டி இந்தக் கதையை ரசித்துச் சொன்னார். எனக்கோ அந்த அம்மாவைப் பற்றித்தான் கேட்கத் தோன்றியது. எட்டுப் பிள்ளைகள் பெற்றவர்.

வெல்க் தம்பதி மாதிரி இங்கே குடியேறிய ஜெர்மானியர்கள் ஜெர்மனியிலிருந்து நேராக வந்தவர்கள் இல்லை. ரஷ்யாவின் ஜார் மன்னர்கள் நிலமும் சலுகையும் தருகிறோம் என்று கூப்பிட்டதை நம்பி, 1800களின் தொடக்கத்தில் கருங்கடல் கரையில் ஒடெசா பக்கம் போய்க் குடியேறிய ஜெர்மானியர்களின் வாரிசுகள். 1870களில் சலுகைகள் பறிபோய், பையன்களைக் கட்டாயமாகப் பட்டாளத்தில் சேர்க்க ஆரம்பித்ததும் மறுபடி மூட்டை கட்டினார்கள். வெல்க் தம்பதி வந்தது 1890களின் தொடக்கத்தில். முதல் குளிர்காலத்தை, கவிழ்த்துப் போட்ட வண்டிமேல் புல்லோடு வெட்டியெடுத்த மண்கட்டிகளை அடுக்கி, அதற்குள்ளேயே கழித்தார்களாம். ஜனவரியில் மைனஸ் முப்பது வரை இறங்குகிற ஊர் இது. அதற்குள் கிறிஸ்டினா அடுப்பை எங்கே வைத்தார், ஈரத்துணியை எங்கே காயப்போட்டார்? கேட்டேன். வழிகாட்டி நல்ல மனிதர். "இதை யாரும் கேட்டதில்லை" என்று சிரித்துவிட்டார்.

உங்களில் யாருக்காவது இந்தப் பெண்களின் வாழ்க்கை எங்கேயாவது எதிர்ப்பட்டிருந்தால் எழுதுங்களேன்.

ஜேம்ஸ்டவுன், வட டக்கோட்டா

அக்கா, நான் முதியோர் இல்லத்தில் நர்ஸ். தொண்ணூறைத் தாண்டிய ஒரு பாட்டி இருந்தார். அவருடைய பாட்டி கருங்கடல் பக்கத்திலிருந்து கப்பலேறி வந்தவர். ராத்திரி டியூட்டியில் எனக்குக் கிடைத்த கதைகள் ஏராளம்.

அடுப்புக் கதையைச் சொல்கிறேன். புல்வெளியில் மரம் கிடையாது. விறகுக்கு என்ன செய்வது? சாணம்தான். நம் ஊர் வறட்டி மாதிரி கையால் தட்டுவதில்லை. குளிர்காலம் முழுக்கத் தொழுவத்தில் சேர்ந்த எருவை வைக்கோலோடு சேர்த்துத் தரையில் பரப்புவார்கள். குதிரைகளை அதன் மேல் சுற்றிச் சுற்றி நடக்க விட்டு மிதிக்க வைப்பார்கள். இறுகியதும் மண்வெட்டியால் கட்டி கட்டியாக வெட்டி, வெயிலில் நிறுத்தி, ஒரு பக்கம் காய்ந்ததும் புரட்டிப்போட்டு, கடைசியில் குவியலாக அடுக்கி வைப்பார்கள். புரட்டுவதும் அடுக்குவதும் பெண்கள், பிள்ளைகள் வேலை. இதைக் கருங்கடல் கரையிலேயே பழகிக்கொண்டு வந்தவர்கள் என்பதால் இங்கே தடுமாறவில்லை.

"நாத்தம் அடிக்காதா பாட்டி?" என்று கேட்டேன். காய்ந்தபின் வாடை இல்லையாம், சாம்பல்தான் தொல்லையாம். ரொட்டிக்கு மாவு பிசைந்துகொண்டே இருப்பார்கள், சூடு குறையும், கையைக் கழுவிவிட்டு அடுப்பில் சாணக் கட்டி போடுவார்கள், சாம்பல் நிறையும், அள்ளிக் கொட்டிவிட்டு மறுபடி கையைக் கழுவுவார்கள். தண்ணீரோ கிணற்றிலிருந்து வாளியில் வர வேண்டும். போனில் எங்கள் ஊர் வறட்டிப் படத்தைக் காட்டினேன். சுவரில் வரிசையாகத் தட்டியிருந்ததைப் பார்த்துவிட்டு, "இதைப் போய்ச் சுவரிலா ஒட்டுவீர்கள்?" என்று முகத்தைச் சுளித்தார். எரிக்கலாம், சுவரில் ஒட்டக் கூடாதாம்! எனக்குச் சிரிப்புத் தாங்கவில்லை.

வெண்ணெயும் முட்டையும் விற்ற காசு பாட்டியின் பாட்டியிடம் இருந்ததாம். கோதுமை பொய்த்த வருஷம் காபி, சர்க்கரை, செருப்பு எல்லாம் அந்தக் காசில்தான் வந்தது.

லிங்கன், நெப்ராஸ்கா

எனக்கு ஆள் எதிர்ப்படவில்லை, காகிதம்தான் எதிர்ப்பட்டது. படிப்புக்காக ஹோம்ஸ்டெட் கோப்புகளைப் புரட்டியிருக்கிறேன். 1862 ஹோம்ஸ்டெட் சட்டப்படி 21 வயதானவரோ குடும்பத் தலைவரோ 160 ஏக்கர் கேட்டு விண்ணப்பிக்கலாம். கட்டணம் எல்லாம் சேர்த்து 18 டாலர். வெளிநாட்டார் என்றால் குடியுரிமை பெறப் போவதாக முன்கூட்டியே எழுதித் தர வேண்டும். ஐந்து வருஷம் குடியிருந்து பயிர் செய்ததை இரண்டு சாட்சிகளோடு நிரூபித்தால் பட்டா.

அந்த நிரூபணப் படிவம் சுவாரசியமானது. வீடு எத்தனை அடிக்கு எத்தனை அடி, கிணறு உண்டா, எத்தனை ஏக்கர் உழுதாய் என்று துருவித் துருவிக் கேட்கும். குடும்பம் என்ற இடத்தில் ஒரு ஜெர்மன் விவசாயியின் கோப்பில் "மனைவி, ஐந்து பிள்ளைகள்" என்று இருந்தது. அவ்வளவுதான், பெயர் இல்லை. கிணற்றுக்கும் கோழிக் கொட்டகைக்கும் இருந்த விவரம்கூட அந்தப் பெண்ணுக்கு இல்லை.

திருமணமான பெண் பொதுவாகத் தன் பெயரில் நிலம் கேட்க முடியாது. கன்னிப்பெண் கேட்கலாம், கைம்பெண் கேட்கலாம். இன்னொரு கோப்பில் கணவன் நடுவிலேயே இறந்துபோக, மனைவி மீதி வருஷங்களை முடித்துப் பட்டா வாங்கியிருந்தார். அவர் பெயரைக் கோப்பில் முதல்முறை பார்த்தது கணவன் இறந்த பிறகு வந்த தாளில்தான். கையெழுத்து பழைய ஜெர்மன் எழுத்தில் இருந்தது. பேனாவை அழுத்தி எழுதி, காகிதம் ஓரிடத்தில் கிழிந்திருந்தது. அவசரமா, கோபமா, குளிரில் விறைத்த விரலா, தெரியாது. எனக்கு அந்தத் தாளை மூடி வைக்க மனசு வரவில்லை.

ராபிட் சிட்டி, தென் டக்கோட்டா

எல்லாம் சரி. அந்த 160 ஏக்கர் யாருடையது? ஸ்ட்ராஸ்பர்க் இருக்கிற எம்மன்ஸ் மாவட்டத்துக்கு எதிர்க்கரையில்தான், மிசௌரி ஆற்றைத் தாண்டினால், ஸ்டாண்டிங் ராக் என்ற பூர்வகுடி ஒதுக்கிடம். லக்கோட்டா, டக்கோட்டா பூர்வகுடி மக்களை அங்கே ஒதுக்கிவிட்டுத்தான் இந்தப் பக்கம் நிலத்தைப் பங்கு போட்டார்கள். அங்கேயும் பெண்கள் அடுப்பு மூட்டினார்கள். இதையும் சொல்லாமல் பாடுபட்ட கதையை மட்டும் சொல்வதில் எனக்கு உடன்பாடில்லை.

பிஸ்மார்க், வட டக்கோட்டா

தம்பி சொல்வது நியாயம். அந்தக் கரையைப் பற்றித் தனியாகவே எழுத வேண்டும். எழுதுங்கள், படிக்கக் காத்திருக்கிறேன்.

டேவன்போர்ட், அயோவா

முதல் உலகப்போர் சமயத்தைப் பற்றி யாரும் எழுதவில்லையே. எங்கள் மாநிலத்தில் 1918 மே மாதம் ஆளுநர் ஹார்டிங் ஓர் உத்தரவு போட்டார். பள்ளியில், பொது இடத்தில், ரயிலில், தொலைபேசியில் ஆங்கிலம் மட்டும்தான் பேசலாம். கோயில் பிரசங்கம்கூட ஆங்கிலத்தில்தான். பண்ணை வீடுகளில் ஒரே தொலைபேசி லைனில் பல வீடுகள் இருக்கும், ஒருத்தி பேசுவதை மற்றவர்கள் எடுத்துக் கேட்கலாம். இந்த மாவட்டத்தில் ஜெர்மனில் பேசியதற்காகப் பண்ணைப் பெண்கள் சிலருக்கு அபராதமே விழுந்தது.

என் பக்கத்து வீட்டுத் தாத்தாவின் அம்மா அதற்குப் பிறகு தொலைபேசியை எடுத்தால் கேட்பாரே தவிர வாய் திறக்க மாட்டாராம். அக்காவும் தங்கையும் லைனில் இருப்பார்கள், ஒருவருக்கும் ஆங்கிலம் சரளமில்லை. பிரசவமா, சாவா, எதுவானாலும் ஆள்விட்டுச் சொல்ல வேண்டியதாயிற்று. பக்கத்துப் பண்ணை ஒரு மைல் தள்ளி இருக்கிற ஊரில் இது எவ்வளவு பெரிய தண்டனை என்று யோசித்துப் பாருங்கள். நெப்ராஸ்காவில் 1919இல் சின்னப் பிள்ளைகளுக்கு வேற்றுமொழி கற்பிப்பதையே தடுத்துச் சட்டம் வந்தது. பையனுக்கு ஜெர்மனில் பைபிள் வாசிக்கச் சொல்லிக் கொடுத்த ராபர்ட் மேயர் என்ற ஆசிரியருக்கு 25 டாலர் அபராதம். அவர் விடவில்லை. 1923இல் உச்ச நீதிமன்றம் அந்தச் சட்டத்தைத் தள்ளுபடி செய்தது.

ஃபார்கோ, வட டக்கோட்டா

கோடையில் குழந்தைகளை ஸ்ட்ராஸ்பர்க் கூட்டிப் போகலாமா அக்கா? வெயில் தாங்குமா? என் பெண்ணுக்கு மாவு உருண்டை போட்ட நேஃப்லா சூப் என்றால் உயிர், அது இந்தப் பாட்டிகள் கொண்டுவந்தது என்று சொல்லித்தான் கூட்டிப்போக வேண்டும்.

பிஸ்மார்க், வட டக்கோட்டா

தாராளமாகப் போகலாம். கோடையில் போவதுதான் சரி, ஆனால் கிளம்பும் முன் திறந்திருக்கிறதா என்று போன் செய்துகொள்ளுங்கள். நிழலுக்கு இடம் குறைவு, தொப்பியும் தண்ணீரும் எடுத்துப் போங்கள். சூப்பை வீட்டிலேயே செய்கிறீர்களா? மாவு உருண்டைகளைக் கொஞ்சம் சின்னதாகக் கிள்ளிப் போட்டு, உருளைக்கிழங்கு வெந்தபிறகு கிரீம் சேருங்கள். மிளகு தூக்கலாக இருக்கட்டும்.