ரூப்மதி பார்த்த நர்மதை: மாண்டு போகிறவர்கள் கவனத்துக்கு

தொடக்கப் பதிவு

மாளவத்தின் கடைசி சுல்தான் பாஸ் பகதூருக்கும் பாடகி ரூப்மதிக்கும் இடையே இருந்த காதலைப் படித்துவிட்டு, அதற்காகவே மத்தியப் பிரதேசத்து மாண்டுவுக்குக் கிளம்பும் பெண்கள் இப்போது நிறையப் பேர். அவர்களுக்காக இந்த இழை. எங்கே நின்று எதைப் பார்க்க வேண்டும், எந்த நேரத்தில், எதில் ஏமாற்றம் வரும் என்று எழுதுங்கள். சொந்தப் பயணக் கதை வேண்டாம்.

நர்மதையைத் தரிசிக்காமல் ரூப்மதி வாயில் தண்ணீர்கூட வைக்க மாட்டாள், அதனால்தான் ஆறு தெரியும் மலைவிளிம்பில் அவளுக்கு மண்டபம் அமைந்தது என்று கதை சொல்கிறது. அந்த ஆறு நம் கண்ணுக்குத் தெரிய என்ன செய்ய வேண்டும் என்பதிலிருந்தே தொடங்கலாம்.

பதில்

ஜூலை முதல் செப்டம்பர் வரை மாண்டு பச்சைப் பசேலென்று இருக்கும். படங்கள் எல்லாமே அந்தப் பருவத்தில் எடுத்தவை என்பதால் எல்லோரும் அப்போதே போகிறார்கள். ஆனால் ரூப்மதி மண்டபம் நிற்பது செங்குத்துச் சரிவின் உச்சியில். கீழே நிமாட் சமவெளி 300 மீட்டருக்கும் மேலான ஆழத்தில் கிடக்கிறது. மழைமேகம் அந்தச் சரிவில் மோதி அப்படியே மண்டபத்துக்குள் ஏறிவிடும். எதிர்த் தூண்கூட மங்கலாகிவிடும்போது ஆற்றை எங்கே தேடுவது?

ஆறு நேர்க்கோட்டில் ஏறத்தாழ 20 கிலோமீட்டர் தள்ளி ஓடுகிறது. எந்த நாளிலும் அது ஒரு வெள்ளிக் கம்பி அளவுதான். மழை ஓய்ந்து காற்று கழுவிவிட்டதுபோல் இருக்கும் அக்டோபர் கடைசியும் நவம்பரும்தான் சரியான காலம். குளிர்கால விடியலில் பள்ளத்தாக்கில் பனிமூட்டம் தேங்கி நிற்கும், அது கலையும் வரை பொறுக்க வேண்டும். நடுப்பகலில் தெற்கே பார்த்தால் வெயில் எதிரே நின்று கண் கூசும். மாலை நாலு மணிக்குப் பிறகு ஒளி சாய்ந்து ஆற்றின்மேல் விழும்போது கம்பி மின்னும், எந்தத் திசை என்று தேட வேண்டியதே இல்லை. ஏப்ரல், மே வேண்டாம்: புழுதி, ஒடுங்கிய ஆறு. எட்டு மடங்கு பெரிதாக்கும் சாதாரண பைனாகுலர் ஒன்று பையில் இருந்தால் போதும்.

சூரியன் மறையும்போது மூடிவிடுவார்கள். மேலேறும் நேரத்தையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

பதில்

மண்டபத்தைப் பற்றி ஒரு திருத்தம். அது முழுக்க ரூப்மதிக்காகக் கட்டியதல்ல. கீழ்த்தளத்தின் கனத்த சுவர், தாழ்ந்த வளைவுகள், இரு முனையிலும் இருக்கும் அறைகள் எல்லாம் காவல் படை எதிரி வரவைக் கவனிக்கும் இடத்துக்கு உரியவை. பிறகு மேற்குப் பக்கம் நீட்டினார்கள். மொட்டைமாடியில் இரண்டு குவிமாட மண்டபங்கள் எழுந்தது அதற்கும் பின்னால்தான். ரூப்மதியின் பெயரோடு ஒட்டிக்கொண்டவை அவைதான். கட்டுமானம் மாறும் இடத்தைக் கண்ணாலேயே பார்க்கலாம்: தாழ்வாரத்தின் தடித்த வளைவுகளைப் பார்த்துவிட்டு உடனே மேலேறினால் வேறு கை வேலை என்று புரிந்துவிடும். அடித்தளத்தில் மழைநீர் சேமிக்கும், வளைந்த கூரையுள்ள தாழ்வாரமும் உண்டு. மலை உச்சியில் வேறு தண்ணீர் ஏது? பலர் அதைப் பார்க்காமலே இறங்கிவிடுகிறார்கள்.

பாஸ் பகதூர் அரண்மனையும் அப்படித்தான். வாசல் கல்வெட்டின்படி 1508-09இல் நாசிருத்தீன் கில்ஜி கட்டியது. பாஸ் பகதூர் ஆட்சிக்கு வந்ததோ 1555 வாக்கில். பிறர் கட்டிய வீட்டில் அவர் குடியேறி அதைப் பாட்டால் நிரப்பினார் என்று வைத்துக்கொண்டால் அந்த முற்றமும் நடுவில் உள்ள தொட்டியும் இன்னும் நெருக்கமாகத் தெரிகின்றன. வடக்குப் பக்கம் வெளியே நீட்டிய எண்கோண மாடத்தில் நின்று பாருங்கள். பக்கத்து ரேவா குண்டத்திலிருந்து நீரை இறைத்து வாய்க்கால் வழியே அரண்மனைக்குக் கொண்டுவந்த கட்டுமானம் குளக்கரையில் இன்னமும் நிற்கிறது. ரேவா என்பது நர்மதையின் மறுபெயர்.

மழைக்காலத்தில் போனால் படிகளில் பாசி. ரப்பர் அடி செருப்பு வழுக்கும்.

பதில்

அன்புத் தோழிகளே, ரூப்மதி மாண்டுவில் இறக்கவில்லை. அந்த மண்டபத்தில் நின்று "இங்கேதான் விஷம் குடித்தாள்" என்று கண்கலங்குகிறவர்களுக்காகச் சொல்கிறேன்.

1561 மார்ச் 29, சாரங்பூர். அக்பர் அனுப்பிய படைக்கு ஆதம் கான் தலைவன். பாஸ் பகதூர் தோற்று ஓடினார். இதில் பலரும் விட்டுவிடுகிற பகுதி ஒன்று உண்டு: தோற்றால் அந்தப்புரப் பெண்களை வெட்டிவிடுங்கள் என்று காவலர்களிடம் அவர் முன்பே சொல்லி வைத்திருந்ததாக முகலாய வரலாறு எழுதுகிறது. ரூப்மதி காயத்தோடு பிழைத்தாள். ஆதம் கான் அவளை அடைய நினைத்தபோது விஷம் குடித்தாள். காதலனும் பகைவனும் அவள் உயிர்மேல் உரிமை கொண்டாடினார்கள். முடிவை எடுத்தது அவள். இதைத் தெரிந்துகொண்டு போனால் மண்டபத்தில் வேறு ரூப்மதி தெரிவாள், அவளே பெரியவள்.

சாரங்பூர் இந்தூருக்கு வடக்கே ஆக்ரா சாலையில் சுமார் 120 கிலோமீட்டர். மாண்டு இந்தூரிலிருந்து எதிர்த் திசையில், தென்மேற்கே, தார் நகரம் வழியாக நூறு கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு. ஒரே நாளில் இரண்டையும் சேர்க்காதீர்கள், காருக்குள்ளேயே பொழுது போய்விடும்.

மறு ஆண்டே, 1562இல், வேறொரு கொலைக்காக ஆதம் கானை ஆக்ரா கோட்டை மாடியிலிருந்து தள்ளிக் கொல்லச் செய்தார் அக்பர். கல்லறை டெல்லி மெஹ்ரோலியில் இருக்கிறது. பாஸ் பகதூர் சில ஆண்டுகள் அலைந்து, 1570இல் அக்பரிடமே சேர்ந்தார். அக்பர் ஆட்சியைப் பற்றிய அயினி அக்பரி நூலின் இசைக்கலைஞர் பட்டியலில் அவர் பெயர் இருக்கிறது. காதல் கதையாக இதை அஹ்மத் உல் உம்ரி பாரசீகத்தில் எழுதியது 1599இல், சம்பவம் நடந்து 38 ஆண்டுகள் கழித்து. அதற்கு முந்தைய குறிப்புகள் போர்க் குறிப்புகள். படிக்கும்போது இந்த இடைவெளியை மறக்க வேண்டாம்.

பதில்

பாட்டு பற்றி யாரும் எழுதவில்லையே!

பூப் கல்யாண் ராகத்தை ரூப்மதியோடு சேர்த்துச் சொல்வது வழிவழி வழக்கு. நம் காதுக்கு அது எட்டாத ராகமல்ல. ஏறும்போது மோகனம்: ஸ ரி க ப த ஸ். இறங்கும்போது நியும் மவும் கல்யாணிச் சாயலில் தொட்டுக்கொண்டு வரும். மோகன கல்யாணி தெரிந்தவர்களுக்கு உடனே பிடிபடும். ஒரு வேறுபாடு மட்டும்: இந்துஸ்தானியில் அந்த நி, ம இரண்டையும் நிறுத்திப் பாட மாட்டார்கள், மீண்ட் என்ற இழைவில் வழுக்கிக்கொண்டு போவார்கள். நிறுத்தினால் சாயல் கெட்டுவிடும். முன்னிரவு ராகம், மேலே சொன்ன நாலு மணி அதற்குக் கொஞ்சம் சீக்கிரம்தான். காதில் ஒலிக்கருவி மாட்டிக் கேளுங்கள், ஸ்பீக்கர் வேண்டாம். பக்கத்தில் ஆற்றைக் கும்பிட வந்தவர்கள் இருப்பார்கள்.

ஓவியம் தேடுகிறவர்களுக்கு: இரவில் இருவர் குதிரையில் ஒன்றாகச் செல்லும் சிற்றோவியங்களைத்தான் அருங்காட்சியகங்களில் இவர்கள் பெயரில் வைத்திருப்பார்கள். பெரும்பாலும் 18ஆம் நூற்றாண்டு, அதாவது இருவரும் போய் நூறு ஆண்டுகளுக்கு மேல். முகச்சாயலை நம்பாதீர்கள். குதிரைகளின் கழுத்து எவ்வளவு நெருங்கி வருகிறது, இருவர் பார்வையும் எங்கே சந்திக்கிறது என்று பாருங்கள். ஓவியர் காதலைச் சொல்வது அங்கேதான்.

பதில்

நாள் வரிசை மட்டும். காலையில் வடக்கே ஜஹாஸ் மஹல் அரண்மனை: இரண்டு குளங்களுக்கு நடுவே சுமார் 120 மீட்டர் நீளம். மதியம் ஊர் நடுவே மாளவ சுல்தான் ஹோஷங் ஷாவின் பளிங்குக் கல்லறை, ஜாமி மசூதி. மூன்று மணிக்குத் தெற்கே கிளம்பினால் நாலைந்து கிலோமீட்டரில் ரேவா குண்டம், பிறகு அரண்மனை, கடைசியில் மண்டபம். சைக்கிள் வாடகைக்குக் கிடைக்கும், ஆனால் கடைசிப் பகுதி ஏற்றம், தள்ளிக்கொண்டுதான் போக வேண்டும்.

வழியில் அடிபெருத்த மரங்களும் அவற்றின் காய்களும் கண்ணில் படும். பாவோபாப், அங்கே குராசானி இம்லி என்பார்கள். காய்க்குள் வெள்ளை மாவு, புளிப்பு. தண்ணீர் பாட்டில் தீர்ந்துபோன நேரத்தில் வாயில் போடாதீர்கள், நாக்கு வறண்டுவிடும்.

மண்டபத்தின் மாடியில் ஆற்றைப் பார்த்து முடித்ததும் ஒருமுறை வடக்கே திரும்புங்கள். சரிவுக்குக் கீழே பாஸ் பகதூர் அரண்மனை முழுதாகத் தெரியும்.