பழைய இரும்பில் கட்டிய சிஎன்சி: மனதை விட்டுப் போகாத ஒரு சம்பவம் சொல்லுங்கள்

மரத்தூள்:

கம்ப்யூட்டர் சொல்கிறபடி தானாக மரம் வெட்டும் சிஎன்சி மெஷினை எப்படிக் கட்டினீர்கள் என்ற கதை வேண்டாம், எல்லாருக்கும் ஒரே கதைதான். ஜெராக்ஸ் மெஷின் ராடு, டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டர் மோட்டார், ஆர்டுயினோ என்ற சின்ன கன்ட்ரோலர் போர்டில் மெஷினை நகர்த்தும் ஜிஆர்பிஎல் சாஃப்ட்வேர், வெட்டும் பிட்டைச் சுற்றும் ஸ்பிண்டிலுக்குப் பதில் ஒரு டிரிம் ரவுட்டர் (மர ஓரம் சீவும் கைமெஷின்). நான் கேட்பது அந்த மெஷினோடு நடந்த ஒரே ஒரு சம்பவம். என்னுடையதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

வேப்பம்பலகையில் பெயர்ப்பலகை ஓடிக்கொண்டிருந்தது. 'ழ' எழுத்தின் பாதியில் கரண்ட் போனது. பிட் மரத்துக்குள்ளேயே நின்றுவிட்டது. வெளியே நல்ல மழை, எப்படியும் ஒரு மணி நேரம் வராது என்று நினைத்தேன். செல்போன் டார்ச்சை அலமாரியில் சாய்த்து வைத்துவிட்டு, கிளாம்பைத் தளர்த்த ஸ்பானரோடு குனிந்தேன். ஜன்னல் வழியாகத் தெருவிளக்கு எரிவது தெரிந்தது. அதே நொடியில் முகத்துக்குக் கீழே ரவுட்டர் அலறியது.

டிரிம் ரவுட்டரின் சுவிட்சை யாரும் அணைக்கவில்லையே. கரண்ட் வந்ததும் அது பாட்டுக்கு முப்பதாயிரம் சுற்றுக்குப் போய்விட்டது. என் இடது கைக்கும் பிட்டுக்கும் நான்கு விரற்கடை இருந்திருக்கும். ஆர்டுயினோ புதிதாக எழுந்து, நிற்கும் இடத்தையே பூஜ்யம் என்று எடுத்துக்கொண்டு அமைதியாக உட்கார்ந்திருந்தது. அச்சு எதுவும் நகரவில்லை. பிட் ஒரே இடத்தில் சுற்றிச் சுற்றி, 'ழ'வின் வயிறு கருகிப் புகைந்தது. கைக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் இன்றைக்கும் தெருவிளக்கு பளிச்சென்று எரிந்தால் கையை இழுத்துக்கொள்கிறேன். வீட்டில் சிரிக்கிறார்கள்.

ஆணிமுத்து:

எமர்ஜென்சி ஸ்டாப் இல்லாமல் மெஷினை ஓட்டினால் இப்படித்தான். சிவப்புக் காளான் பொத்தான் நூறு இருநூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. அதுகூட வைக்காமல் என்ன சிஎன்சி?

பம்ப்செட்:

ஆணிமுத்து, கோபித்துக்கொள்ளாதீர்கள். மரத்தூள் சொன்னதை இன்னொரு தடவை படியுங்கள். எமர்ஜென்சி பொத்தானை யாராவது அமுக்கினால்தானே அது வேலை செய்யும்? கரண்ட் போனபோது எல்லாம் தானாகவே நின்றுவிட்டது. நின்ற மெஷினில் போய்ப் பொத்தானை யார் அமுக்குவார்கள்? அமுக்காத பொத்தான் வழியாகக் கரண்ட் திரும்பி வந்துவிடும்.

இதற்கு வேண்டியது கிணற்று மோட்டாருக்கு மாட்டும் டிஓஎல் ஸ்டார்ட்டர். பச்சைப் பொத்தான், சிவப்புப் பொத்தான், உள்ளே ஒரு கான்டாக்டர், அதாவது காயில் இழுத்து மூடும் பெரிய சுவிட்ச். பச்சையை அமுக்கினால் காயில் இழுத்துக்கொள்ளும். இழுத்ததும் அதிலிருக்கும் சின்ன காண்டாக்ட் ஒன்று மூடி, காயிலுக்குத் தொடர்ந்து கரண்ட் கொடுக்கும். கரண்ட் போனால் காயில் விட்டுவிடும். திரும்ப வந்தாலும், யாராவது பச்சையை அமுக்கினால்தான் உண்டு. நீங்கள் சொன்ன காளான் பொத்தானையும் அந்தக் காயில் ஒயரோடு தொடரில் மாட்டிவிட்டால் அதற்கும் ஒரு அர்த்தம் வரும்.

வாங்கும்போது சிங்கிள் ஃபேஸ் என்று அழுத்திச் சொல்லுங்கள். தோட்டத்துக்கு விற்கும் த்ரீ ஃபேஸ் ஸ்டார்ட்டரில் பெரும்பாலும் 415 வோல்ட் காயில் இருக்கும், வீட்டு 230-ல் அது இழுக்காது, அல்லது இழுத்து நடுங்கும். அப்புறம், உள்ளே இருக்கும் ஓவர்லோடு ரிலேயை நம்ப வேண்டாம். டிரிம் ரவுட்டர் மூன்று ஆம்பியர் அளவுதான் எடுக்கும், ரிலேயின் கணக்கு அதைவிடப் பெரிதாக இருந்தால் அது கண்டுகொள்ளவே கண்டுகொள்ளாது. நமக்கு வேண்டியது கான்டாக்டர் மட்டும்தான். ரவுட்டர், மோட்டார் சப்ளை இரண்டையும் அதற்குப் பின்னால் போடுங்கள்.

என் சம்பவம் சின்னது. நான் இந்த ஸ்டார்ட்டரை மாட்டிக்கொண்டிருந்ததை மாமனார் பார்த்தார். "கரண்ட் வந்தா தானா ஓடணும்னு நாங்க ஆட்டோ சுவிட்ச் காசு குடுத்து வாங்குறோம். நீங்க ஓடக் கூடாதுன்னு காசு குடுக்குறீங்களா மாப்ளே?" என்று கேட்டார். ராத்திரி எந்த நேரத்தில் த்ரீ ஃபேஸ் வரும் என்று காத்திருக்கிறவருக்கு நான் என்ன சொல்ல.

உக்கடம் ரவி இல்லை:

எனக்கு மெஷினைவிட அதன் பாகம் கிடைத்த இடம்தான் ஞாபகம்.

கோயம்புத்தூர் உக்கடத்தில் பழைய இரும்புக் கடை. வழக்கம்போலச் சும்மா ஒரு பார்வை பார்க்கலாம் என்று போனேன். ஒரு குவியலுக்கு அடியில், கிரீஸ் காய்ந்து கறுத்துப்போன ஜோடி லீனியர் ரெயில், அதாவது அச்சை நேராக ஓட்டும் எஃகுத் தண்டவாளம், மேலே ஓடும் பிளாக்கோடு. ஏதோ பேக்கிங் மெஷினிலிருந்து கழற்றியது. பிளாக்கை விரலால் தள்ளினேன், வழுக்கிக்கொண்டு போனது. முகத்தில் ஒன்றும் காட்டக் கூடாது என்று பக்கத்திலிருந்த ஒரு உதவாத கியரை எடுத்து விலை கேட்டேன். கடைக்காரர் கியரைப் பார்க்கவே இல்லை, ரெயிலைப் பார்த்தார். "அது கிலோ ரேட் இல்ல தம்பி" என்றார். இதுதான் அவர் தொழில், என் நடிப்பு எந்த மூலைக்கு?

ஒருவழியாகப் பேசி முடித்தோம். அவர் உதவிக்கு இருந்த பையன் ரெயிலைத் தராசில் வைக்கத் தூக்கினான். கொஞ்சம் சாய்த்துப் பிடித்தான். பிளாக் ஓரத்துக்கு ஓடி, ரெயிலை விட்டுக் கழன்று கீழே விழுந்தது. அந்த வகை பிளாக்கில் உள்ளே குண்டுகளைப் பிடித்து வைக்கும் கம்பி கிடையாது. கடுகைவிடக் கொஞ்சம் பெரிய எஃகுக் குண்டுகள் சிமென்ட் தரையில் டிக் டிக் என்று துள்ளி, இரும்புக் குவியலுக்குள்ளும் சாக்கடைப் பக்கமும் ஓடின. எவ்வளவோ வருடம் எங்கேயோ ஒழுங்காக ஓடிய பொருள்!

பையன் என்னைப் பார்த்தான். நான் கடைக்காரரைப் பார்த்தேன். அவர் ஒரு ஸ்பீக்கர் காந்தத்தை எடுத்துப் பையன் கையில் கொடுத்து, "பொறுக்கு" என்றார். விலையில் ஒரு பைசா குறைக்கவில்லை.

காசுக்கேத்த தோசை:

இந்த ரெயில் ஆசைதான் நம் ஆட்களைக் கெடுக்கிறது. பழைய ரெயிலில் எங்கே தேய்ந்திருக்கிறது என்று கண்ணுக்குத் தெரியாது, நடுவில் மட்டும் தேய்ந்திருக்கும். அந்தக் காசில் பழுதான பெரிய ஜெராக்ஸ் மெஷின் ஒன்றை முழுசாக வாங்கியிருக்கலாம். ராடு, பெல்ட், புல்லி, மோட்டார், 24 வோல்ட் சப்ளை எல்லாம் அதிலேயே இருக்கிறது. டோனரை மட்டும் வீட்டு வேக்குவம் கிளீனரால் உறிஞ்சாதீர்கள், அந்தத் தூள் ஃபில்டரைத் தாண்டி வீடு முழுக்கப் பறக்கும். ஈரத்துணியால் துடைத்தெடுங்கள்.

யாரும் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். கழற்றிய ஸ்டெப்பரில் (படிப்படியாகத் திரும்பும் மோட்டார்) நான்கு ஒயர் இருந்தால் இரண்டு ஒயரைச் சேர்த்துப் பிடித்து, ஷாஃப்டைத் திருப்புங்கள். திருப்பக் கடினமாக இருந்தால் அந்த இரண்டும் ஒரே காயில். மல்டிமீட்டரே வேண்டாம். ஆறு ஒயர் இருந்தால் மீட்டர் வேண்டும்: ஓரத்துக்கும் நடுவுக்கும் இருக்கும் ஓம்ஸ், ஓரத்துக்கு ஓரம் இருப்பதில் பாதி. நடு ஒயர் இரண்டையும் டேப் சுற்றி ஒதுக்கிவிட்டு மற்ற நான்கை டிரைவருக்கு (மோட்டாருக்குக் கரண்ட் கொடுக்கும் போர்டு) கொடுங்கள். ஐந்து ஒயர் என்றால் இரண்டு நடுவும் உள்ளேயே சேர்ந்திருக்கும், அதைத் திறந்து வெட்டிப் பிரிக்கிற பொறுமை இருந்தால் எடுங்கள். டிரைவருக்குக் கரண்ட் இருக்கும்போது மோட்டார் ஒயரைப் பிடுங்காதீர்கள், ஏ4988 டிரைவர் அந்த நொடியே போய்விடும்.

சம்பவம் என்று எனக்கு ஒன்றும் இல்லை.

உக்கடம் ரவி இல்லை:

ஜெராக்ஸ் ராடு இரண்டு முனையில் மட்டும் தாங்கி நிற்பது. ரவுட்டர் எடையில் நடுவில் தொய்யும். பக்கத்துக்குப் பக்கம் ஆழம் மாறும். காகிதத்தை நகர்த்தவும் மரத்தை வெட்டவும் ஒரே ராடு போதுமா என்ன?

சின்னப்பொண்ணு பேரன்:

சண்டையை அப்புறம் வைத்துக்கொள்ளுங்கள், எங்கள் ஆச்சி கதையைக் கேளுங்கள்.

மெஷினை ஹாலின் மூலையில் வைத்திருந்தேன். நான் வெளியூர் போகும்போது பிளக்கைப் பிடுங்கி, ஒயரைச் சுருட்டி மேலேயே வைத்துவிட்டுப் போயிருந்தேன். ஆச்சி பெருக்க வந்தவர், கேன்ட்ரி (ரவுட்டரைத் தாங்கி நகரும் பாலம்) வழியில் இருக்கிறதே என்று துடைப்பக்கட்டையால் ஒரு தள்ளு தள்ளியிருக்கிறார். டிரைவர் பெட்டியில் சிவப்பும் பச்சையுமாக விளக்கு எரிந்திருக்கிறது. தள்ளுவதை நிறுத்தினால் அணைந்திருக்கிறது. பின்னால் இழுத்தால் மறுபடி எரிந்திருக்கிறது. பிளக் பக்கத்தில் சுருட்டிக் கிடக்கிறது.

நான் திரும்பி வந்தபோது கேன்ட்ரியில் திருநீறு பூசியிருந்தது, எலுமிச்சம்பழமும் இருந்தது. ஸ்டெப்பரைச் சுற்றினால் அதுவே டைனமோ மாதிரி கரண்ட் உண்டாக்கும், டிரைவருக்குள் இருக்கும் டயோடு வழியாக அது சப்ளை லைனுக்குப் போகும், விளக்கு எரியும் என்று விளக்கினேன். ஆச்சி முழுசாகக் கேட்டுவிட்டு, "சரி, இருக்கட்டும். எலுமிச்சம்பழத்தை எடுக்காத" என்றார்.

சிரிக்கிற விஷயம் மட்டும் இல்லை. வேகமாகத் தள்ளினால் அந்த வோல்ட்டேஜே டிரைவரைத் தின்றுவிடும். கையால் நகர்த்துவது என்றால் மெதுவாக நகர்த்துங்கள்.

லிமிட் சுவிட்ச்:

எனக்கு ஃப்ரிட்ஜ். அது நிற்கும்போதெல்லாம் மெஷினும் 'அலாரம் 1' என்று நின்றது. அச்சு ஓரத்தைத் தொட்டால் மெஷினை நிறுத்தும் லிமிட் சுவிட்சை யாரும் தொடவில்லை, ஒயரில் ஏறிய இரைச்சலைத்தான் ஜிஆர்பிஎல் சுவிட்ச் என்று நினைத்துக்கொண்டது. ஷீல்டு ஒயர், ஒவ்வொரு உள்ளீட்டிலும் 0.1 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர், முடிந்தது. அதுவரை வேலை ஓடும்போது வீட்டில் யாரும் ஃபேன் சுவிட்சைக்கூடத் தொடக் கூடாது என்று உத்தரவு போட்டு வைத்திருந்தேன். என் மனைவி அதை இன்னும் சொல்லிக் காட்டுகிறார்.

எட்டு எம்எம்:

நான் சொல்லப்போவது ஆபத்தான கதை இல்லை. ஆனால் வேறு எதையும்விட இதுதான் என்னை அரிக்கிறது.

என் மெஷினில் இடம் வலமாகப் போகும் எக்ஸ் அச்சுக்கு ஹார்டுவேர் கடையில் மீட்டர் கணக்கில் விற்கும் எட்டு எம்எம் திரெட் ராடு. மேலும் கீழும் போகும் ஒய் அச்சுக்கு ஜெராக்ஸ் பெல்ட். எக்ஸுக்கு ஒரு மில்லிமீட்டருக்கு 2560 ஸ்டெப் என்று கணக்குப் போட்டு, அந்த எண்ணைப் பார்த்து எனக்கே பெருமை. எங்கள் தெருவில் நிலைக்கதவு செய்யும் ஆசாரி ஒருவர் இருக்கிறார், வயதானவர். மெஷினைப் பார்க்க வேண்டும் என்று ரொம்ப நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தார். கூட்டிவந்து, தேக்குத் துண்டில் ஒரு தாமரையும் அதைச் சுற்றி ஒரு வட்டமும் வெட்டிக் காட்டினேன். வெட்டி முடிகிற வரைக்கும் ஒன்றும் பேசாமல் நின்றார். மெஷினை அல்ல, தூள் விழுகிற விதத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பலகையைக் கையில் கொடுத்தேன். கண்ணாடியைப் போட்டுக்கொள்ளவில்லை. வட்டத்தின் பள்ளத்தில் கட்டைவிரல் நகத்தை வைத்து ஒரு சுற்று ஓட்டினார். திரும்ப ஓட்டினார். காதிலிருந்து பென்சிலை எடுத்து வலது ஓரத்தில் ஒரு கோடு, நேர் எதிரே இடது ஓரத்தில் ஒரு கோடு. "வட்டம் இந்த ரெண்டு எடத்துல படுத்திருக்கு தம்பி" என்றார்.

சத்தியமாக எனக்குக் கண்ணுக்குத் தெரியவில்லை. அவர் போன பிறகு டயல் கேஜை மாட்டிப் பார்த்தேன். எக்ஸ் அச்சு திசை திரும்பும்போது சுமார் 0.3 மில்லிமீட்டர் வெறுமனே சுற்றுகிறது, நட்டுக்கும் ராடுக்கும் இடையே அவ்வளவு லொடலொடப்பு. வட்டத்தில் எக்ஸ் திரும்புகிற இடம் இரண்டே இரண்டுதான்: வலது ஓரம், இடது ஓரம். மேலும் கீழும் பெல்ட் பார்த்துக்கொள்வதால் அங்கே சுத்தம். எந்த அச்சில் ராடு, எதில் பெல்ட் என்று அவரிடம் நான் சொல்லவே இல்லை.

காசுக்கேத்த தோசை:

இதற்குப் போய் ஏன் வருத்தம்? பேரலல் போர்ட் இருக்கும் ஒரு பழைய பிசி வாங்கி லினக்ஸ்சிஎன்சி சாஃப்ட்வேர் போடுங்கள். அதில் பேக்லாஷ், அதாவது அந்த லொடலொடப்பின் அளவைக் கொடுத்தால் திரும்பும்போதெல்லாம் அதுவே கூடுதலாகச் சுற்றிச் சரிசெய்யும். ஜிஆர்பிஎல்லில்தான் அந்த வசதி இல்லை.

ஓய்வு பெற்ற ஃபிட்டர்:

தோசை சார், காகிதத்தில் பேனாவால் வரைந்தால் நீங்கள் சொல்வது சரி. மரத்தில் பிட் போகும்போது மரமும் பிட்டை இழுக்கிறது. அந்த 0.3-க்குள் பிட் எந்தப் பக்கம் ஆடும் என்பது நரம்பின் போக்கைப் பொறுத்தது, கம்ப்யூட்டருக்கு அது எப்படித் தெரியும்? ஆட்டத்தை இரும்பில்தான் எடுக்க வேண்டும்.

எட்டு எம்எம் தம்பி, இரண்டு நட்டைப் போட்டு நடுவில் ஸ்பிரிங் வைப்பது ஒரு வழி. நான் செய்வது வேறு. டெல்ரின் என்ற கெட்டிப் பிளாஸ்டிக்கில் துண்டு இரண்டை எடுத்து, அதே திரெட் ராடிலிருந்து ஒரு துண்டை நடுவில் வைத்து வைஸில் பிடித்துக்கொள்ளுங்கள். ராடை மட்டும் ஹீட் கன்னால் சூடாக்கிக்கொண்டே வைஸை மெல்ல முறுக்குங்கள். டெல்ரின் இளகி, திரெட்டை அப்படியே அச்சாக எடுத்துக்கொள்ளும், அதுதான் புது நட்டு. முழுசாக ஆறிய பிறகு பிரியுங்கள். ராடில் எண்ணெய் இருக்கக் கூடாது. நெருப்பை நேரடியாகக் காட்டாதீர்கள், டெல்ரின் மிஞ்சிச் சூடானால் ஃபார்மால்டிஹைட் வரும், கண்ணைத் திறக்க முடியாது. வெளியில் வைத்துச் செய்யுங்கள்.

எட்டு எம்எம்:

நன்றி ஐயா. டெல்ரின் எங்கே கிடைக்கும்? இங்கே கடையில் வெள்ளையாக ஒரு துண்டைக் காட்டி இதுதான் என்கிறார்கள்.

ஓய்வு பெற்ற ஃபிட்டர்:

லேத் பட்டறையில் வெட்டிப் போட்ட முனைத் துண்டு கேளுங்கள், டீ வாங்கிக் கொடுத்தால் தருவார்கள். வெள்ளையாக இருப்பதெல்லாம் டெல்ரின் இல்லை, நைலானும் வெள்ளைதான். நைலான் ஈரத்தைக் குடித்து உப்பும், மழைக்காலத்தில் நட்டு இறுகிவிடும். ஒரு டம்ளர் தண்ணீரில் கல்லுப்பைக் கரையாத அளவுக்குப் போட்டுக் கலக்கி, கடைக்காரரிடம் ஒரு சின்னச் சீவல் வாங்கி அதில் போடுங்கள். நைலான் மிதக்கும், டெல்ரின் அடியில் போய்விடும்.