கேரவன் சைட் ஒப்பந்தம்: கையெழுத்துப் போடலாமா? அவசரம்!

பிஸ்கட் டின்:
வணக்கம். என் மகளோடு படிக்கும் பையனின் அம்மா ஐரிஷ் டிராவலர், அதாவது ஊர் ஊராகப் போய் வாழ்ந்த ஐரிஷ் சமூகத்தைச் சேர்ந்தவர். உள்ளாட்சி கவுன்சில் நடத்தும் கேரவன் சைட்டில், சக்கர வீட்டில் இருக்கிறார். நேற்று ஒரு அதிகாரி வந்து, புது ஒப்பந்தம் என்று பதினோரு பக்கத் தாளைக் கொடுத்து, வெள்ளிக்கிழமைக்குள் கையெழுத்து வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். அந்த அம்மா அதைத் தூக்கிக்கொண்டு என்னிடம் வந்துவிட்டார். நான் கணக்கு எழுதும் ஆள், சட்டம் தெரியாது. நான்கு வார நோட்டீஸில் காலி செய்யச் சொல்லலாம் என்று ஒரு வரி இருக்கிறது. இது எல்லா வாடகைத் தாளிலும் இருப்பதுதானே? போடச் சொல்லட்டுமா?

ஈஸ்ட்ஹாம் குமரன்:
இங்கிலாந்தா, வேல்ஸா, ஸ்காட்லாந்தா? கேரவன் அவருடையதா, கவுன்சிலுடையதா? எத்தனை வருடமாக இருக்கிறார்? ஒன்றுமே சொல்லாமல் போடலாமா என்று கேட்டால் கிளி ஜோசியம்தான் பார்க்க வேண்டும்.

பனங்கிழங்கு:
எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள். பன்னிரண்டு வருடம் ஒரே இடத்தில் இருந்திருந்தால் நிலமே அவருக்குச் சொந்தம். போட்டால் அந்த உரிமை போச்சு.

சட்டப்புலி:
பனங்கிழங்கு, மறுபடியுமா? கட்டணம் கட்டி அனுமதியோடு இருப்பவருக்கு அந்த உரிமை எப்படி வரும்? போன மாதம் கார் நிறுத்தும் இடத்துக்கும் இதையேதான் சொன்னீர்கள். இழையைத் தொடங்கியவருக்கு: இது வாடகைத் தாளே இல்லை. இதற்கு 1983ஆம் ஆண்டு மொபைல் ஹோம்ஸ் சட்டம், கேரவன் வீடுகளில் குடியிருப்பவர்களுக்கானது. தேடிப் படித்துவிட்டு வந்து கேட்டால் எல்லோருக்கும் நேரம் மிச்சம்.

மீட்டர் மாமா:
ஒப்பந்தத்தை விடுங்கள், கரண்ட்டைப் பாருங்கள். கவுன்சில் மின்சாரத்தை வாங்கி அவருக்கு விற்கிறது என்றால், தான் வாங்கிய யூனிட் விலைக்கு மேல் வைக்கக் கூடாது. மின்சார ஒழுங்குமுறை அமைப்பான ஆஃப்ஜெம் விதி அது. முதலில் கரண்ட் பில் நகலைக் கேட்கச் சொல்லுங்கள். எல்லாம் அங்கேதான் ஆரம்பம்.

வாசுகி:
தம்பி, ஒரே ஒரு கேள்வி. முதல் பக்கத்தில் பிட்ச், அதாவது கேரவன் நிற்கும் இடம், என்ன வகை என்று போட்டிருக்கிறது? பெர்மனன்ட்டா (நிரந்தரம்), டிரான்சிட்டா (தற்காலிகம்)? அது தெரியாமல் அந்த நான்கு வார வரியைப் பற்றி ஒன்றும் சொல்ல முடியாது.

ஓமலூரான்:
இந்த ஜிப்ஸிகள் நம்ம ஊர் நரிக்குறவர்கள்தானே? ஆயிரம் வருடத்துக்கு முன்னால் இங்கிருந்து போனவர்கள் என்று படித்தேன்.

ஈஸ்ட்ஹாம் குமரன்:
இல்லை. ஜிப்ஸிகள் என்று சொல்லப்படும் ரோமா மக்களின் மொழிக்கு வேர் வட இந்தியாவில். தண்ணீருக்கு இன்றும் பானி என்பார்கள். நரிக்குறவர் பேசும் வாக்ரிபோலியும் இந்தோ ஆரிய மொழிதான், ஆனால் அதை வைத்து இரண்டு பேரும் ஒருவரே என்று சொல்லிவிட முடியாது.

ஓமலூரான்:
ஒரே குடும்பத்து மொழி என்றால் ஒரே மக்கள்தானே? பாசிமணியும் ஊர் ஊராகப் போவதும் கூடவா தற்செயல்?

ஈஸ்ட்ஹாம் குமரன்:
தமிழும் தெலுங்கும் ஒரே குடும்பம்தான். ஹைதராபாத்தில் போய் நாமெல்லாம் ஒன்று என்று சொல்லிப் பாருங்கள்.

சட்டப்புலி:
இருவரும் கவனிக்கவில்லை. அந்த அம்மா ஐரிஷ் டிராவலர். ரோமாவே இல்லை, அது தனி இனம். ரோமானி ஜிப்ஸிகளை 1988இல் நீதிமன்றம் இனக்குழுவாக ஏற்றது, ஐரிஷ் டிராவலர்களை 2000இல்தான். முதல் பதிவையாவது படித்துவிட்டுச் சண்டை போடுங்கள்.

பிஸ்கட் டின்:
மன்னிக்கவும், வேலையில் மாட்டிக்கொண்டேன். இங்கிலாந்துதான். கேரவன் அவருடையது. 2008இலிருந்து அதே பிட்ச். பழைய தாளும் இருக்கிறது, அதில் லைசென்ஸ் என்று மட்டும் இருக்கிறது. புதுத் தாளில் டிரான்சிட் பிட்ச் என்று போட்டிருக்கிறார்கள் அக்கா. ஊர் ஊராகப் போகிறவர்கள் என்பதால் அப்படி எழுதுவார்கள் போல என்று நினைத்தேன், அதனால்தான் சொல்லவில்லை.

வாசுகி:
அந்த ஒரு சொல்லில்தான் எல்லாமே இருக்கிறது. கையெழுத்து வேண்டாம், நிறுத்துங்கள்.

முன்பு கவுன்சில் சைட்டில் இருப்பவர்களுக்குப் பாதுகாப்பே கிடையாது. 1968 கேரவன் சைட்டுகள் சட்டப்படி நான்கு வார நோட்டீஸ், பிறகு கோர்ட்டில் உத்தரவு. காரணத்தை நிரூபிக்கத் தேவையில்லை. லீட்ஸ் காட்டிங்லி ஸ்பிரிங்ஸ் சைட்டிலிருந்து கானர்ஸ் குடும்பத்தை அப்படித்தான் வெளியேற்றினார்கள். அது தவறு என்று 2004இல் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் சொன்னது. அதற்குப் பிறகும் இழுத்து, 2011 ஏப்ரல் 30 அன்றுதான் 1983 சட்டத்தை இங்கிலாந்தில் கவுன்சில் சைட்டுகளுக்கும் கொண்டுவந்தார்கள். அன்றைக்கு இருந்த பழைய லைசென்ஸ்களும் தானாகவே அதற்குள் வந்துவிட்டன. உங்கள் தோழியுடையதும் அப்படித்தான், புதுத் தாள் தேவையே இல்லை.

இப்போது பெர்மனன்ட் பிட்ச்சில் இருப்பவரைக் காலி செய்ய வேண்டுமென்றால் கவுன்சில் கவுண்டி கோர்ட்டுக்குப் போக வேண்டும். விதியை மீறினார், எழுதிச் சொல்லியும் திருத்தவில்லை, வெளியேற்றுவது நியாயம் என்று நீதிபதி ஒப்ப வேண்டும். அல்லது அவர் அங்கே குடியிருக்கவே இல்லை என்று காட்ட வேண்டும். டிரான்சிட் அப்படியில்லை. அது மூன்று மாதம் வரை தங்குவதற்கு, அங்கே நான்கு வார நோட்டீஸ் போதும், காரணம் வேண்டாம். 2008இலிருந்து இருப்பவருக்கு டிரான்சிட் தாள் எப்படிப் பொருந்தும்? இதில் கையெழுத்துப் போட்டால், பழைய உரிமையை அவரே விட்டுக்கொடுத்தார் என்று நாளைக்கு வாதாடுவார்கள்.

வெள்ளிக்கிழமைக் கெடுவுக்கும் பயப்பட வேண்டாம். பெர்மனன்ட் பிட்ச்சுக்குப் புது ஒப்பந்தம் என்றால், எழுத்துபூர்வமான விவரத்தை 28 நாள் முன்னதாகவே கொடுக்க வேண்டும். அவரே எழுதிச் சம்மதித்தால்தான் அதைக் குறைக்கலாம். எந்தச் சட்டப்படி டிரான்சிட் என்று எழுதினீர்கள் என்று கேட்டு மின்னஞ்சல் அனுப்பச் சொல்லுங்கள். பழைய தாளைப் படம் எடுத்து வையுங்கள். பிரைட்டனில் ஃப்ரெண்ட்ஸ் ஃபேமிலிஸ் அண்ட் டிராவலர்ஸ் என்ற அமைப்பு இருக்கிறது, தொலைபேசியிலேயே வழி சொல்வார்கள்.

சட்டப்புலி:
இதைத்தான் நான் முதலிலேயே சொன்னேன்.

ஈஸ்ட்ஹாம் குமரன்:
தேடிப் படியுங்கள் என்றுதானே சொன்னீர்கள்?

பனங்கிழங்கு:
கையெழுத்துப் போடாதீர்கள் என்று சொன்னது நான்.

பிஸ்கட் டின்:
போடவில்லை. மின்னஞ்சல் அனுப்பினோம். அச்சுப்பிழையாம், திருத்தித் தருகிறார்களாம். நன்றி அக்கா. மகளை நீச்சலுக்குக் கூட்டிப் போக வேண்டும், அப்புறம் வருகிறேன்.

வாசுகி:
திருத்திய தாள் வந்தாலும் அந்த நான்கு வார வரி இருக்கிறதா என்று பாருங்கள் தம்பி.

மீட்டர் மாமா:
கரண்ட் பில் கேட்டீர்களா?