மவுண்ட் செய்வது யார்? கிளஸ்டரில் என்எஃப்எஸ் இணைத்தபோது நான்கு பேர் பட்ட அனுபவங்கள்

மூன்று நோடு (சர்வர் இயந்திரம்) சேர்ந்து இயங்கும் கிளஸ்டர். பயனர்கள் ஏற்றும் படங்கள் எல்லாப் பாட்களுக்கும் (செயலியைத் தனி உறையில் ஓட்டும் கன்டெய்னர்களைத் தாங்கும் அலகுகள்) தெரிய வேண்டும். அதனால் நெட்வொர்க் வழியாகக் கோப்புகளைப் பகிரும் என்எஃப்எஸ் சர்வர் ஒன்றைத் தனியாக வைத்து, கன்டெய்னர்களை நிர்வகிக்கும் குபர்நெட்டிஸில் அதற்கு ஒரு பிவியும் (சேமிப்பிடத்தின் விவரம்) பிவிசியும் (அந்த இடத்தைக் கேட்கும் கோரிக்கை) எழுதினேன். பிவிசி சில நொடிகளில் ‘பவுண்ட்’ என்று காட்டியது. சரி, இணைந்துவிட்டது என்று நினைத்தேன். இரண்டு பாட்கள் எழுந்தன. மூன்றாவது மட்டும் ‘கன்டெய்னர் கிரியேட்டிங்’ நிலையிலேயே அரை மணி நேரம் நின்றது.

லாக் பார்க்கலாம் என்றால் கன்டெய்னரே இன்னும் பிறக்கவில்லை, லாக் எங்கிருந்து வரும்? கூப்சிடிஎல் டிஸ்கிரைப் என்ற கட்டளையைப் போட்டு, அடியில் வரும் ஈவென்ட் பகுதியைப் படித்தபோதுதான் ‘ஃபெயில்ட் மவுண்ட்’ (மவுண்ட், அதாவது சேமிப்பிடத்தை ஒரு ஃபோல்டராக இணைப்பது, தோல்வி) என்ற வரி கண்ணில் பட்டது. அதில் ‘பேட் ஆப்ஷன், பேட் சூப்பர்பிளாக்’ என்றெல்லாம் இருந்தது. டிஸ்க்தான் போய்விட்டது என்று பயந்து சர்வரைக் குடைந்துகொண்டிருந்தேன். அந்த நீளமான வரியை முழுசாகப் படித்திருந்தால், மவுண்டுக்கு ஒரு துணை புரோகிராம் தேவைப்படலாம் என்று அதன் வாலிலேயே எழுதியிருந்ததைப் பார்த்திருப்பேன். மூன்றாவது நோடு பிற்பாடு சேர்த்தது. அந்தத் துணை புரோகிராமைத் தரும், மற்ற இரண்டிலும் இருந்த என்எஃப்எஸ்-காமன் பேக்கேஜ் அதில் இல்லை. போட்டேன். பாட் பக்கம் நான் போகவே இல்லை, அடுத்த முயற்சியில் தானாக எழுந்து நின்றது.

அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது: மவுண்ட் செய்வது கன்டெய்னர் அல்ல. நோடில் ஓடும் கூப்லெட் என்ற குபர்நெட்டிஸ் புரோகிராம் முதலில் அங்கே மவுண்ட் செய்து, பிறகுதான் அந்த இடத்தைக் கன்டெய்னருக்குக் காட்டுகிறது. கன்டெய்னரை உருவாக்கும் இமேஜுக்குள் எத்தனை பேக்கேஜ் போட்டாலும் இதற்கு உதவாது. ‘பவுண்ட்’ என்பதும் ஏட்டளவில் பொருத்தம் பார்த்ததுதான். கையால் எழுதிய பிவியில் சர்வர் ஐபியைத் தப்பாகக் கொடுத்தாலும் அது பவுண்ட் ஆகும். அதில் 10 ஜிபி என்று எழுதினால் என்எஃப்எஸ் அந்த அளவோடு நிறுத்தாது என்பதையும் அப்போதுதான் தெரிந்துகொண்டேன்.

* * *

மவுண்ட் செய்வது நோடுதான் என்று நீங்கள் சொன்ன அதே காரணம் என்னை வேறு வழியில் பிடித்தது. நான் என்எஃப்எஸ் சர்வரையே கிளஸ்டருக்குள் ஒரு பாட் ஆக ஓட்டி, முன்னால் ஒரு சர்வீஸ் (பாட்களுக்கு நிலையான பெயரும் ஐபியும் தருவது) வைத்து, அந்த சர்வீஸ் பெயரை பிவியில் கொடுத்திருந்தேன். சோதனைக்கு ஒரு பாட் எழுப்பி உள்ளே போய்ப் பார்த்தால் பெயருக்கு ஐபி ஒழுங்காக வருகிறது. மவுண்ட் மட்டும் பெயர் தெரியவில்லை என்கிறது. பெயரைத் தேடுவது நோடு, அதற்குக் கிளஸ்டரின் உள் டிஎன்எஸ் தெரியாது. சர்வீஸின் கிளஸ்டர் ஐபியைக் கொடுத்ததும் சரியானது.

* * *

எனக்கு மவுண்ட் முதல் தடவையே ஆகிவிட்டது. உள்ளே போன பிறகுதான் பிரச்சினை. நான் ஓட்டிய இமேஜ், எழுந்தவுடன் தன் டேட்டா ஃபோல்டரை சௌன் செய்யும், அதாவது உரிமையாளரை மாற்றும். அந்த இடத்தில் ‘ஆபரேஷன் நாட் பெர்மிட்டட்’ என்று விழுந்துவிடும். ஃபோல்டருக்கு 777, அதாவது எல்லாருக்கும் எல்லா அனுமதியும், கொடுத்தேன். அதே பிழை. கன்டெய்னருக்குள் நான் ரூட் (எல்லா அதிகாரமும் உள்ள பயனர்), ரூட்டுக்கே அனுமதி இல்லையா என்று ஒரு நாள் முழுக்கப் புரியாமல் இருந்தேன்.

கடைசியில் அந்த ஃபோல்டரில் ஒரு வெற்றுக் கோப்பை உருவாக்கிவிட்டு, சர்வருக்குப் போய் எல்எஸ் போட்டுப் பார்த்தேன். உரிமையாளர் எண் 65534. ரூட்டாக நான் எழுதிய கோப்பு அங்கே ‘நோபடி’ பெயரில் கிடந்தது! ரூட் ஸ்குவாஷ் என்ற அமைப்பு என்எஃப்எஸ்ஸில் இயல்பாகவே இயங்குகிறது. எந்த நோடிலிருந்து ரூட் வந்தாலும் சர்வர் அவரைப் பெயரில்லாத ஆளாகத்தான் நடத்தும்.

அதை அணைக்கும் நோ ரூட் ஸ்குவாஷைப் போடு, முடிந்தது என்று பலர் சொன்னார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள் நண்பர்களே. ஒரே ஒரு நோடில் யாராவது ரூட் ஆகிவிட்டால், நீங்கள் பகிர்ந்த எல்லாக் கோப்புகளுக்கும் அவர் ரூட். நான் செய்தது இதுதான்: கன்டெய்னர் ரூட்டாக ஓடாமல் 1000 என்ற பயனர் எண்ணில் ஓட ரன் ஆஸ் யூசர் 1000 என்று கொடுத்து, சர்வரில் அந்த ஃபோல்டரை 1000 என்ற எண்ணுக்கே உரிமையாக்கினேன். சௌன் செய்யும் தேவையே போய்விட்டது. வால்யூமின் (சேமிப்பிடத்தின்) குரூப்பை மாற்றும் எஃப்எஸ் குரூப்பையும் போட்டுப் பார்த்தேன். பிவியில் நேரடியாக எழுதிய என்எஃப்எஸ் வால்யூமில் அது எதையும் மாற்றவில்லை. குரூப் வழியாக அனுமதி வேண்டும் என்றால் பாடுக்குக் கூடுதல் குரூப் எண்கள் தரும் சப்ளிமென்டல் குரூப்ஸ்தான்.

* * *

நான் பயன்படுத்துவது குபர்நெட்டிஸ் இல்லை, அதேபோல் கன்டெய்னர்களைப் பல நோடுகளில் ஓட்டும் டாக்கர் ஸ்வார்ம். ஏற்றிய படம் ஒரு முறை தெரியும். ரிஃப்ரெஷ் செய்தால் உடைந்த படக்குறி. இன்னொரு ரிஃப்ரெஷ், படம் திரும்ப வரும். ஒரு சர்வீஸுக்கு (இங்கே ஓடும் செயலிக்கு) இரண்டு ரெப்ளிகா (பிரதி), இரண்டு நோடு. வால்யூமுக்குப் பெயர் ஒன்றுதான், அதனால் இடமும் ஒன்றுதான் என்று நம்பியிருந்தேன். ஆனால் வால்யூம்களை உருவாக்கும் டாக்கரின் லோக்கல் டிரைவர் ஒவ்வொரு நோடிலும் அதே பெயரில் தனித்தனியாக ஒரு காலி வால்யூமை உருவாக்கியிருந்தது.

சர்வீஸை விவரிக்கும் காம்போஸ் கோப்பில் டிரைவர் ஆப்ஷன்களாக என்எஃப்எஸ் வகை, சர்வர் முகவரி, பாதை எல்லாம் எழுதித் திரும்ப டெப்ளாய் செய்தேன். ஒரு மாற்றமும் இல்லை. அந்தப் பெயரில் வால்யூம் ஏற்கெனவே இருந்தால் டாக்கர் பழைய அமைப்போடு அதையேதான் எடுத்துக்கொள்ளும். பழையதை ஒவ்வொரு நோடிலும் போய் நீக்கினால்தான் புதியது உருவாகும்.

நீக்குவதற்கு முன் கையை நிறுத்திக்கொண்டது நல்லதாகப் போயிற்று. பயனர்கள் ஏற்றிய படங்களில் பாதி ஒரு நோடில், மீதி இன்னொன்றில். இரண்டையும் ஆர்சிங்க் மூலம் என்எஃப்எஸ்ஸுக்குக் கொண்டுபோனேன். ஒரே பெயரில் இரண்டு பக்கமும் இருந்தவற்றைத் தேதி பார்த்து ஒவ்வொன்றாகப் பிரித்தேன். அதற்கே இரவு முழுவதும் ஆனது. விடியும் நேரத்தில் பழைய வால்யூம்களை நீக்கி, சர்வீஸை எழுப்பி, அதே பக்கத்தை இருபது முறை ரிஃப்ரெஷ் செய்தேன். இருபது முறையும் படம் வந்தது.